உச்சி வெயில்ல லைட்டு எதுக்குடா?

சித்தப்பா கேட்டது நியாயமான கேள்விதான். ஆவணி மாசம், மணி 11.30, வெயில் மண்டையப் பொளக்குது, நான் வரப்புல நின்னுக்கிட்டு தேங்கா பறிக்கிற துரட்டிக் கழி நுனியில ரெண்டு ப்ளாஷையும் அதுக்கு முன்னாடி ஒரு சாப்ட்பாக்ஸையும் (ப்ளாஷ் வெளிச்சத்தப் பரப்பி விடுற துணிப் பெட்டி) கட்டிக்கிட்டு இருக்கேன். "ஏன்டா, சூரியன் பத்தலையா ஒனக்கு, இதுக்கு மேல லைட்டு எதுக்குடா"ன்னாரு. பக்கத்துல சித்தி பட்டுப்புடவையோட, புடவை சேத்துல படாம கொசுவத்தத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு, "சீக்கிரம் எடுறா, உருகுறேன்"னு.

விஷயம் என்னன்னா ரெண்டு பேருக்கும் திருக்கடையூர்ல அறுபதாம் கல்யாணம். அழைப்புப் பத்திரிகைல போட ஒரு படம் வேணும், அது ஸ்டுடியோ திரைக்கு முன்னாடி எடுத்ததா இருக்கக் கூடாது, நம்ம வயல்ல நம்ம போர் செட்டு கிட்ட நின்னு எடுத்ததா இருக்கணும்னு சித்தப்பா ஒத்தக்கால்ல நிக்கிறாரு. பிரஸ்காரர் அன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள அனுப்பச் சொல்லிட்டாரு. காலைல ஏழு மணிக்கு எடுத்துடலாம் சித்தப்பான்னு முந்தின நாளே சொன்னேன், சரி சரின்னு தலைய ஆட்டிட்டு காலைல உரம் வாங்க பாபநாசம் போயிட்டாரு. வந்தது பதினோரு மணிக்கு. போட்டோகிராபி வீடியோல எல்லாம் காலை வெளிச்சத்துல எடுங்க, சாயங்கால வெளிச்சத்துல எடுங்கன்னு சொல்லுவாங்க, சித்தப்பாவுக்கு உச்சில தான் நேரம் கெடைக்கும்னா என்ன பண்றதுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

நான் முழுநேர போட்டோகிராபர் கெடையாது, கும்பகோணத்துல கணக்கு எழுதுற வேலை, முகூர்த்த நாள்ல மட்டும் கூட்டாளி ஸ்டுடியோவுக்கு ரெண்டாவது கேமரா. ஏழெட்டு வருஷமா இந்த வயக்காட்டு வெயில்ல ஆளுங்கள நிக்க வச்சு படம் எடுத்து எடுத்து கத்துக்கிட்டத எழுதுறேன், தப்பு இருந்தா சொல்லுங்க.

மொதல்ல நம்ம ஊரு சூரியனப் பத்தி. தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் எல்லாம் பூமத்திய ரேகைலேருந்து 11 டிகிரி வடக்க இருக்கிற ஊருங்க. அதனால வருஷத்துல ரெண்டு தடவ சூரியன் நேரா நம்ம உச்சந்தலைக்கு மேல வந்து நிக்கும், ஏப்ரல் மூணாவது வாரம் ஒருக்க, ஆகஸ்ட் கடைசி வாரம் ஒருக்க. அதாவது சித்திரையும் ஆவணியும். நம்மாளுங்க முகூர்த்தம் வைக்கிற மாசமும் அதே சித்திரை ஆவணிதான்! வெளிச்சம் நேரா மேலேருந்து விழுந்தா புருவத்தோட நெழல் கண்ணுக்குள்ள விழும், மூக்கு நெழல் மீசை மாதிரி ஒதட்டு மேல விழும், கண்ணு இருக்க வேண்டிய எடத்துல ரெண்டு குழி. அழகான பொண்ணக் கூட அந்த வெளிச்சத்துல நிக்க வச்சா பத்து நாள் காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்ச மாதிரி இருக்கும்.

சரி, அப்ப மரத்தடி நெழல்ல நிக்க வைப்போம்னு தோணும். போர் செட்டு கிட்ட ஒரு புங்க மரம் இருக்கு, அங்க நிக்க வச்சா மூஞ்சி நல்லா இருக்கும், ஆனா பின்னாடி வெயில்ல கெடக்குற வயலு வெளேர்னு போயிடும். வெயிலுக்கும் மரத்து நெழலுக்கும் மூணு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் ஏறுனா வெளிச்சம் ரெண்டு மடங்கு, எறங்குனா பாதி) மாதிரி வித்தியாசம், அதாவது எட்டுல ஒரு பங்கு வெளிச்சந்தான் நெழல்ல. செல்போன்ல எடுத்துப் பாத்தா மூஞ்சி தெரியும் வயலக் காணும், இல்லன்னா வயலு தெரியும் சித்தப்பா ஒரு கருப்பு உருவமா நிப்பாரு. இப்ப வர்ற போன் எல்லாம் நாலஞ்சு படத்த ஒட்டி சரி பண்ணுது, அதுல ஆளு அட்டைல வெட்டி ஒட்டுன மாதிரி இருக்கு, எனக்குப் புடிக்கல.

டெல்டால இன்னொரு கஷ்டம், மறைப்பே கெடையாது. மலை இல்ல, பெரிய கட்டடம் இல்ல, தட்டையா வயலு, வரப்பு, அங்கங்க தென்னை, மிச்சம் பூரா வானம். படத்துல பாதி வானம்தான். அந்த வானம் வெள்ளையா வெந்து போச்சுன்னா பாதி படம் போச்சுன்னு அர்த்தம்.

இதுக்குத்தான் ப்ளாஷ். கேமரா தலைல மாட்டுற ப்ளாஷ் இல்ல, அத மாட்டி நேரா அடிச்சா மூஞ்சி சப்பையா ஆயிடும், நெத்தி பளபளன்னு ஆதார் கார்டு படம் மாதிரி. ப்ளாஷக் கழட்டி ஒரு பக்கமா, ஆளுக்கு 45 டிகிரில, தலைக்குக் கொஞ்சம் மேல வச்சு, கேமரா மேல ஒரு ட்ரிக்கர மாட்டி ரேடியோவுல அடிக்க வைக்கணும். நான் வச்சிருக்கிறது கோடாக்ஸ் டிடி 600 ரெண்டு, நாலு பென்சில் பேட்டரி போடுற சாதா மேனுவல் ப்ளாஷ், ரேடியோ ரிசீவர் உள்ளயே இருக்கு.

இப்ப இந்த வித்தைல புரிஞ்சுக்க வேண்டிய ஒரே விஷயம், நீங்க எடுக்குறது ஒரு படம் இல்ல, ஒரு க்ளிக்குக்குள்ள ரெண்டு படம். வெயில் எடுக்குற படம் ஒண்ணு, ப்ளாஷ் எடுக்குற படம் ஒண்ணு. ப்ளாஷ் வெளிச்சம் கண்ண மூடித் தெறக்குறதுக்குள்ள, ஆயிரத்துல ஒரு பங்கு செகண்டுக்கு வந்துட்டுப் போயிடும். அதனால ஷட்டர, அதாவது கேமரா தெறந்திருக்கிற நேரத்த, 1/60 செகண்டுல வச்சாலும் 1/200ல வச்சாலும் ப்ளாஷுக்கு ஒண்ணும் தெரியாது, வெயிலுக்கு மட்டும்தான் அது தெரியும். ஆக ஷட்டர் வெயிலோட குழாய். அப்பர்ச்சரும் (லென்ஸோட ஓட்டை அளவு, எஃப் நம்பர் ஏற ஏற ஓட்டை சின்னதாவும்) ஐஎஸ்ஓவும் (சென்சார் வெளிச்சத்துக்கு எவ்ளோ அசையுதுங்கிற அளவு) ரெண்டுக்கும் பொதுவான மடை, தொறந்தா ரெண்டும் ஏறும். ப்ளாஷோட பவரும், ப்ளாஷ் எவ்ளோ தூரத்துல இருக்குங்கிறதும் ப்ளாஷுக்கு மட்டும். வாய்க்காலுக்குத் தண்ணி விட்டுப் பழகுனவனுக்கு இது ஈசியாப் புரியும், ரெண்டு வாய்க்கா ஒரு வயல்ல வந்து விழுது, எந்த மடைய எவ்ளோ தெறக்குறதுங்கிறதுதான் கணக்கு.

நான் பண்ற வரிசை இதுதான். ப்ளாஷ ஆஃப் பண்ணிட்டு, ஆளப் பாக்காம, பின்னாடி வானத்தையும் வயலையும் மட்டும் பாத்து ஒரு படம் எடுப்பேன். வானம் நீலமா, மேகத்துல நெளிவு தெரியிற அளவுக்கு, கண்ணுக்குத் தெரியிறத விட ஒரு ஸ்டாப் கம்மியா. அந்தப் படத்துல ஆளு கரிக்கட்டை மாதிரி இருப்பாரு, இருக்கட்டும். அப்பறம் ப்ளாஷ ஆன் பண்ணி ஆளுக்கு வேண்டிய வெளிச்சத்த மட்டும் ஏத்துவேன், கால் பவர், அரை பவர்னு. டிடிஎல்னு ஒரு ஆட்டோ முறை இருக்கு, அதுல ப்ளாஷ் பவர கேமராவே பாத்துக்கும்னு சொல்லுவாங்க, வெள்ளை வேட்டி கட்டுன ஆளும் கரும்பச்சை பட்டும் பக்கத்துல பக்கத்துல நின்னா கேமரா ஒரு படத்துக்கு ஒரு மாதிரி முடிவெடுக்கும். எனக்கு மேனுவல்தான் நிம்மதி.

இங்க ஒரு முட்டுக்கட்டை இருக்கு. பகல்ல வெயிலக் கொறைக்க ஷட்டர ஏத்திக்கிட்டே போவலாம்னு நெனைப்போம், ஆனா 1/200க்கு மேல (சில கேமராவுல 1/250) போனா படத்துல ஒரு பக்கம் கருப்பு பட்டை விழும். ஷட்டருங்கிறது ரெண்டு திரை. மொதத் திரை விலகி முடிக்கிறதுக்கு முன்னாடியே ரெண்டாவது திரை மூட ஆரம்பிச்சுடும், நடுவுல ஒரு சந்து மட்டும் ஓடும், ப்ளாஷ் அடிக்கிற நேரத்துல சென்சார் முழுசா தெறந்து இருக்காது. மொத தடவ எனக்கு இது நடந்தப்ப கேமரா போச்சுன்னு நெனச்சு கும்பகோணத்துல சர்வீஸுக்குத் தூக்கிட்டு ஓடுனேன், அந்த அண்ணன் படத்தப் பாத்து சிரிச்சு ஒரு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டாரு.

ஆக 1/200, ஐஎஸ்ஓ 100ன்னு வச்சா சுள்ளுன்னு அடிக்கிற வெயிலுக்கு எஃப் 11 வரும். பழைய பிலிம் காலத்து ஆளுங்க சொல்ற சன்னி 16 கணக்குதான் இது, எஃப் 16க்கு 1/100, அப்ப எஃப் 11க்கு 1/200. ப்ளாஷும் அந்த எஃப் 11க்கு ஈடு குடுத்தாகணும். பென்சில் பேட்டரி ப்ளாஷுக்கு இது முக்கி முனகுற வேலை. பெட்டில கைடு நம்பர் (ப்ளாஷோட பலத்தச் சொல்ற எண்) 60ன்னு போட்டிருக்கும், அது ப்ளாஷ் தலைய 200 மில்லிமீட்டருக்கு ஜூம் பண்ணி கூரா அடிச்சா. சாப்ட்பாக்ஸுக்குள்ள விட்டா பாதிக்கு மேல துணியே தின்னுடும். என் அனுபவத்துல ஒத்த ப்ளாஷ் ஃபுல் பவர்ல, சாப்ட்பாக்ஸோட, ஒன்றரை மீட்டர் தூரத்துல வச்சா தட்டுத்தடுமாறி எஃப் 11 எட்டும். மூணு மீட்டருக்குத் தள்ளி வச்சா அம்புட்டுத்தான், தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் பாதி ஆகாது, கால்வாசி ஆயிடும். காசு போட்டு பெரிய ப்ளாஷ் வாங்குறதுக்கு முன்னாடி இருக்கிற ப்ளாஷ ரெண்டு அடி முன்னாடி தள்ளிப் பாருங்க. ஃப்ரேம்ல சாப்ட்பாக்ஸோட ஓரம் தெரியிற வரைக்கும் தள்ளி, அப்பறம் ஒரு சாண் பின்னாடி.

1/200க்கு மேலயும் ப்ளாஷ் அடிக்க விடுற ஹை ஸ்பீட் சிங்க் இருக்கே, 1/3200ல எஃப் 2.8ல எடுக்கலாமேன்னு கேப்பீங்க. எடுக்கலாம், பின்னாடி வழவழன்னு மங்கும், எல்லாருக்கும் அது புடிக்குது. ஆனா அதுல ப்ளாஷ் ஒரே அடியா அடிக்காம, அந்தச் சந்து ஓடுற நேரம் பூரா சிமிட்டிக்கிட்டே இருக்கணும், அதனால ரெண்டு ஸ்டாப்புக்கு மேல பலம் போயிடும், ப்ளாஷ் சூடாகி நடுவுல படுத்துக்கும். சூரியன ஜெயிக்க பலம் வேணுங்கிற எடத்துல பலத்தக் கொறைக்கிற வேலை அது. மங்கலா பின்னணி வேணும்னா நான் லென்ஸுல என்டி 8ங்கிற ஒரு கருப்புக் கண்ணாடிய மாட்டிடுவேன், மூணு ஸ்டாப் வெட்டும், எஃப் 11 எஃப் 4 ஆயிடும், வெயிலையும் ப்ளாஷையும் சமமாத்தான் வெட்டுது, பலத்துல நட்டமில்ல. வியூ ஃபைண்டர் இருட்டா இருக்கும், போகஸ் கொஞ்சம் தடவும், அது ஒண்ணுதான் தொல்லை.

சித்தப்பா படத்துக்கு எதுவும் மாட்டல. அவருக்குத்தான் போர் செட்டு, வரப்பு, பக்கத்து வயலு, தூரத்துல கோயில் கோபுரம், அம்புட்டும் தெரியணுமே, எஃப் 11லயே எடுத்தாச்சு. ரெண்டு ப்ளாஷையும் ஒரே சாப்ட்பாக்ஸுக்குள்ள சேத்துக் கட்டுனேன், அதுல ஒரு ஸ்டாப் கூடும், ரெண்டையும் அரை பவர்ல ஓட்டலாம், சார்ஜ் ஏற காத்துக் கெடக்க வேணாம்.

துரட்டி எதுக்குன்னு சொல்லலையே. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் எங்கிட்ட ஏழடி ஸ்டாண்டும் வெள்ளைக் குடையும் இருந்துச்சு. ஆடி பதினெட்டு அன்னைக்கு குடமுருட்டி படித்துறையில, பெரியப்பா பொண்ணு கல்யாணமாகி மொத பெருக்கு, மஞ்சக் கயிறு மாத்திக்க வந்திருந்துச்சு, காதோலை கருகமணி காப்பரிசி எல்லாம் எலைல வச்சு, பின்னாடி ஆறு ரெண்டு கரையும் தொட்டு ஓடுது, அவ்ளோ அம்சமா இருந்துச்சு. நான் ஸ்டாண்ட மேல் படில வச்சு, குடைய விரிச்சு, ப்ளாஷ மாட்டி, நாலடி தள்ளிப் போயி கேமராவக் கண்ணுல வச்சேன். ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்னு சொல்லி வச்சிருக்காங்க, குடை பறக்காதா. மேலக்காத்து ஒரு அடி அடிச்சுச்சு பாருங்க, குடை, ப்ளாஷ், ஸ்டாண்டு மூணும் ஒண்ணா சேந்து கப்பலேறிடுச்சு. கெழவி ஒருத்தவங்க "காவேரித் தாய்க்கு இந்தத் தம்பி குடை சாத்துதுடி"ன்னு சத்தமா சொல்ல படித்துறையே சிரிக்குது. பசங்க நாலு பேரு குதிச்சு ப்ளாஷ மீட்டுக் குடுத்தாங்க, ஒரு வாரம் அரிசிப் பானைல வச்சேன், உசுரு வரல. (தண்ணில விழுந்த ப்ளாஷ வீட்ல ஸ்க்ரூ ட்ரைவர் வச்சுத் தொறக்காதீங்க, உள்ள கெப்பாசிட்டர்ல முந்நூறு வோல்ட்டு பக்கம் தேங்கி நிக்கும், கைய வச்சா தூக்கி அடிச்சுடும்.)

அதுலேருந்து ஸ்டாண்டே கெடையாது. 60 சென்டிமீட்டர் சாப்ட்பாக்ஸ துரட்டில கட்டி அத்தை பையன் கைல குடுத்துடுவேன், மனுசன் புடிச்சா காத்துக்கு ஏத்த மாதிரி அவனே வளைஞ்சு குடுப்பான், மேல தூக்குன்னா தூக்குவான், வாய்க்காலுக்குள்ள எறங்குன்னா எறங்குவான், ஸ்டாண்டு எறங்குமா? ஸ்டாண்டு வச்சே ஆகணும்னா அஞ்சு லிட்டர் கேன்ல தண்ணி புடிச்சு நடுவுல தொங்க விடுங்க. இன்னொண்ணு, பெரிய கோயில், தாராசுரம் மாதிரி தொல்லியல் துறை கையில இருக்கிற எடத்துல ஸ்டாண்டு ட்ரைபாடெல்லாம் முன்கூட்டியே அனுமதி வாங்காம விரிக்க முடியாது, வாட்ச்மேன் கிட்ட மல்லுக்கட்டிப் பிரயோஜனம் இல்ல.

வயலுக்கு வருவோம். புங்க மரத்து நெழலோட விளிம்புல ரெண்டு பேரையும் நிக்க வச்சேன், உச்சி வெயில் தலைல விழாது, பின்னாடி குறுவை பச்சைப் பசேல்னு வெயில்ல மின்னுது. அத்தை பையன் இடது பக்கம். மொதப் படத்துலயே ரெண்டு பிரச்சனை. அவன் பக்கத்துல நிக்கிற சித்தப்பாவோட வேட்டி வெந்து வெளுத்துப் போச்சு, அந்தாண்ட நிக்கிற சித்தி இருட்டுல. கிட்ட இருக்கிறவங்களுக்கு அதிகமா அடிக்கும்ல. சாப்ட்பாக்ஸோட மொகத்த சித்தியப் பாத்துத் திருப்பச் சொன்னேன், அப்ப சித்தப்பாவுக்கு அதோட ஓரத்து வெளிச்சம் மட்டும் கெடைக்கும், நடு வெளிச்சம் சித்திக்கு. கழிய இன்னும் ஒரு முழம் மேல தூக்குனதும் வேட்டிக்குத் தூரம் கூடிடுச்சு, மடிப்பெல்லாம் தெரிய ஆரம்பிச்சுடுச்சு. சித்தப்பா கண்ணாடில வெள்ளைச் சதுரமா சாப்ட்பாக்ஸ் தெரிஞ்சுது, காதுல மாட்டியிருக்கிற கம்பிய முடிக்குள்ள லேசா மேல தூக்கி விட்டேன், கண்ணாடி கொஞ்சம் கீழ குனிஞ்சுது, போயிடுச்சு.

வயல்ல எடுக்குறப்ப இன்னொண்ணும் உண்டு, யாரும் கண்டுக்க மாட்டாங்க. வெயில் நெல்லுப் பயிர்ல பட்டுத் தெறிச்சு கீழேருந்து பச்சையா மூஞ்சில அடிக்கும். தாடைக்கு அடில, கழுத்துல, வெள்ளைச் சட்டை காலர்ல பாத்தா பாசி படிஞ்ச மாதிரி ஒரு சாயம். ப்ளாஷ் இல்லாம எடுத்துட்டு கம்ப்யூட்டர்ல அத எடுக்க உக்காந்தா விடிஞ்சுடும். ப்ளாஷ் வெள்ளை வெளிச்சம், மூஞ்சிக்கு அதுதான் பெரிய பங்குன்னு ஆயிட்டா பச்சை தானா அடங்கிடும்.

அப்பறம் சித்தி அந்த வார்த்தையச் சொன்னாங்க. "இவரக் கொஞ்சம் கலராத் தெரியிற மாதிரி எடுறா."

எல்லா வீட்லயும் வர்ற வார்த்தைதான். ப்ளாஷுன்னாலே ஆள வெளுக்க வைக்கிற சாதனம்னு ஒரு நெனப்பு, அதுக்குக் காரணம் நாங்கதான், படம் எடுக்குறவனுங்க. ஒரு ஸ்டாப் கூட வச்சு அடிச்சு, மிச்சத்த போட்டோஷாப்ல தேச்சு, தஞ்சாவூர் ஜில்லால ஒரு கருப்பான மாப்பிள்ளை கூட இல்லங்கிற மாதிரி ஆல்பம் போட்டு வச்சிருக்கோம். நானும் போட்டிருக்கேன், கூட்டாளி கடைல கேட்டா பண்ணித்தான் ஆகணும். சொந்த சித்தப்பாவுக்குப் பண்ண மனசு வரல. கருப்புத் தோலு அவ்ளோ அழகா வெளிச்சம் வாங்கும், சரியா குடுத்தா. அதுல உருவம் தெரியிறதே அந்த மினுமினுப்பாலதான், கன்னத்து எலும்பு, மூக்குத் தண்டு, நெத்தி மேடு. சின்ன ப்ளாஷ நேரா அடிச்சா வேர்வைல பொட்டு பொட்டா வெள்ளைப் புள்ளி விழும். பெரிய வெளிச்சத்தக் கிட்டக் கொண்டாந்து பக்கவாட்டுலேருந்து வழிய விட்டா அந்த மினுமினுப்பு பரவி நிக்கும், எண்ணெ போட்டுத் தொடச்ச தேக்கு மாதிரி. துண்டால மொகத்த ஒரு தடவ ஒத்தி எடுக்கச் சொன்னேன், பவுடர் வேணாம்னுட்டேன். பவர ஏத்தல, அவரு அன்னாடம் எப்படி இருப்பாரோ அந்த நெறத்துக்கு நிறுத்துனேன்.

சாயங்காலம் எடுக்குறவங்களுக்கு ஒரு வரி. சூரியன் எறங்குறப்ப எல்லாம் மஞ்சளா இருக்கும், ப்ளாஷ் மட்டும் பகல் வெள்ளை, ஆளு வேற ஊர்ல நிக்கிற மாதிரி தெரியும். அரை சிடிஓ ஜெல்னு ப்ளாஷ் வெளிச்சத்த மஞ்சளாக்குற தாள் ஆரஞ்சு கலர்ல வரும், ப்ளாஷ் மொகத்துல ஒட்டிக்குங்க, ஸ்டேஷனரி கடை கலர் பேப்பர் வேணாம், நாலு ஃபுல் பவருக்கு உருகி ஒட்டிக்கும். நம்ம ஊர்ல சூரியன் செங்குத்தா எறங்குறதால அந்தி ரொம்ப சீக்கிரம் முடிஞ்சுடும், அரை மணி நேரம் கூட கெடைக்காது, எல்லாம் முன்னாடியே மாட்டித் தயாரா இருங்க. மார்கழி பனில ப்ளாஷே வேணாம், பனித் துளியெல்லாம் ஒளி வாங்கி படம் பூரா மாவு கொட்டுன மாதிரி ஆயிடும், அந்த வெளிச்சமே போதும்.

மொத்தம் 34 படம் எடுத்தேன், 20 நிமிஷம். சித்தி மூணு தடவ கெளம்பிட்டாங்க, மூணு தடவ கூட்டிட்டு வந்தேன். கடைசிக்கு முந்தின படத்துல சித்தப்பா ஏதோ சொல்ல சித்தி அவரப் பாத்து மொறைக்கிறாங்க, அதான் எனக்குப் புடிச்சது. பத்திரிகைக்கு அது ஆகாது, நேரா பாக்குறத அனுப்பியாச்சு. பிரஸ்காரர் போன் பண்ணி "அய்யாவுக்குக் கொஞ்சம் கலர் ஏத்திடட்டுமா தம்பி"ன்னாரு, கை வச்சீங்கன்னா வேற பிரஸ் பாத்துக்கறேன்னேன்.

ராத்திரி சாப்ட்டுட்டு திண்ணைல லேப்டாப்ப வச்சு எல்லாத்தையும் பெருசா காட்டுனேன். சித்தப்பா பேசல, கண்ணாடியக் கழட்டித் தொடச்சுட்டு மறுபடி பாத்தாரு. "வானம் இம்புட்டு நீலமாவா இருந்துச்சு அன்னேரம்"னாரு, அவ்ளோதான். சித்தி தன்னப் பாக்கவே இல்ல, வெரல நேரா திரையோட மூலைல கொண்டு போயி வச்சாங்க, சித்தப்பா தோளுக்குப் பின்னாடி, தூரத்துல, சுண்டு வெரல் நகம் அளவு.

"ஏங்க, இது நம்ம மோட்டார் ரூம் கதவுதானே, தொறந்து கெடக்கு. மோட்டார நிறுத்துனீங்களா இல்லையா?"

சித்தப்பா டார்ச்ச எடுத்துக்கிட்டு செருப்பத் தேட ஆரம்பிச்சுட்டாரு.